வான்கோழிக்கு வைத்த ரவை

நாட்டுத் துப்பாக்கியால் வான்கோழி சுடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். காங்கேயம் பக்கத்தில் வான்கோழிப் பண்ணை வைத்தவனுக்கு அந்த வேலையும் வந்து சேரும். நீங்களும் ஆடோ கோழியோ எதையாவது வளர்த்து அவதிப்படுகிறவர் என்றால் என் கஷ்டம் புரியும்.

இறக்கை வெட்டாத குற்றம்

வான்கோழிக்கு அவ்வப்போது ஒரு பக்க இறக்கையைக் கத்தரித்துவிட வேண்டும். கார்த்திகை மழையில் நான் சோம்பல்பட்டேன். பெரிய சேவல் ஒன்று வேலியைத் தாண்டிப் பறந்து, பக்கத்துச் சோளக்காட்டு மயில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. கோயமுத்தூர் ஸ்டெல்லா டீச்சர் கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சொல்லிவைத்திருந்த சேவல் அதுதான். பத்து நாள் துரத்தியும் கையில் சிக்கவில்லை. காட்டுக்காரர் பழனிசாமி பொறுத்துப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, மயிலைத் தொட்டா செயிலுங்க. உங்க கோழியையாச்சும் சுட்டுப்போடுங்க, பாதிச் சோளமாவது மிஞ்சட்டும்."

மருந்து மறந்த நாள்

என்னிடம் இருப்பது பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கி. குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ரவை, அதாவது பொடி ஈயக் குண்டு. மறுபடி நார், மறுபடி இடி. கடைசியாக, விசை தட்டியதும் பொறி கிளப்ப ஒரு கேப். இத்தனையும் முடியும்வரை பறவை காத்திருக்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் மருந்தையே மறந்துவிட்டேன். கேப் மட்டும் 'டப்' என்றது. சேவல் தலையைத் தூக்கி 'களகள'வென்று பதில் சொல்லிவிட்டு நடந்து போனது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, தீவாளிக் கேப்பு மிச்சம் கெடந்துதுங்களா?"

ரவை கேட்டேன்

மறுநாள் விடிகாலை, நல்ல பனி. வேலியோர வேம்படியில் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. மருந்தும் நாரும் இடித்தாகிவிட்டது. பையைத் தடவினால் ரவை இல்லை. "ரவை டப்பாவை எடு" என்று ஜன்னல் வழியாக மனைவியிடம் கிசுகிசுத்தேன். டப்பா வந்தது. பறவைமேல் வைத்த கண்ணை எடுக்காமல், பாதி சிந்தி பாதி போட்டு, இடித்து, குறிபார்த்துச் சுட்டேன்.

புகைக்குள்ளிருந்து அலறிக்கொண்டு எழும்பியதன் கழுத்து நீலம். மயில்! தோகை உதிர்ந்திருக்கும் காலம் என்பது என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. லைசென்ஸ் போச்சு, நானும் உள்ளே போகப் போகிறேன் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மயிலோ ஒரு குறையும் இல்லாமல் தென்னைமேல் போய் உட்கார்ந்து என்னைத் திட்டியது. அப்புறம்தான் டப்பாவைப் பார்த்தேன். உப்புமா ரவை. நான் ஒன்றும் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரவைன்னுதானுங்க கேட்டீங்க?"

டீச்சர் வீட்டில்

அன்று சாயங்காலம் ஜன்னலடியில் சிந்திய ரவையைக் கொத்திக்கொண்டு சேவல் தானாக வந்து நின்றது. கூடையைக் கவிழ்த்துப் பிடித்தேன். பிடித்த கையோடு இறக்கையைக் கத்தரித்தேன். உயிரோடு கோயமுத்தூர் கொண்டுபோய்க் கொடுத்தபோது நடந்ததையும் சொன்னேன். டீச்சர் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

"இந்தாங்க, கேக்கு. உங்களுக்கில்லீங்க, உங்க ஊட்டம்மாவுக்கு. இதுவும் ரவையிலதானுங்க செஞ்சது."

துப்பாக்கி லைசென்ஸ் இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது; இரண்டு ரவை டப்பாக்களும் அவள் பொறுப்பில்.