‘ஏ’ வரை இறக்கிய தந்தி

எங்கள் குழுவில் மூன்று பேர். கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுகிறவர் பாலையூற்றில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கைக்காரர். ட்ரம்ஸ் அடிப்பவன் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். பேஸ் கிற்றார் நான். திருகோணமலையில் மெட்டல் இசை வாசிக்கிற பெண் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரியாது. இருந்தால் சந்திக்க ஆசை.

இந்தக் குழுவுக்கு முன் சில வருடங்கள் கலியாண வீடுகளுக்குப் போகும் இசைக்குழு ஒன்றில் பேஸ் வாசித்தேன். கீபோர்டுக்குப் பின்னால், நல்ல சாரி உடுத்து நிற்க வேண்டும். ஒரு கலியாணத்தில் வயர் கழன்று, ஒரு முழுப் பாட்டையும் சத்தமே வராமல் வாசித்தேன். மேடையால் இறங்கியதும் குழுத் தலைவர், “இண்டைக்கு நல்லா வாசிச்சீர்” என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

புதுக் குழுவில் பாடகரின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். அதற்குத் தோதாக அவர் தன் கிற்றாரின் சுருதியை மிகக் கீழே இறக்கினார். என் பேஸில் தடித்த தந்திக்கு அடுத்தது ‘ஏ’ என்ற சுரம். இப்போது அவருடைய கிற்றாரின் தடித்த தந்தியும் அதே ‘ஏ’ ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கதிரையில் உட்கார்ந்திருப்பது போல.

“நீர் உந்தச் சுருதியிலயே நில்லும். ஒராள் நேரா நிக்கோணும்” என்றார் அவர்.

“நான் உங்களுக்குக் கீழ போறன். அதுக்குக் கீழயும் ஒரு ‘ஏ’ இருக்கு.”

“அது ஆருக்கும் கேக்காது.”

“கேக்கப் பண்ணுவன்.”

முதலில் பேஸில் இருந்த தந்தியையே இறக்கிப் பார்த்தேன். முறுக்காணியைத் திருப்பத் திருப்ப அது உடுப்புக் கொடி போலத் தொய்ந்தது. தட்டினால் கழுத்தில் பட்டுச் சலசலத்ததே தவிரச் சுரம் வரவில்லை. தொய்வுக்கு மருந்து தடிப்புத்தான். ஐந்து தந்திப் பேஸுக்கான தந்திக் கட்டு ஒன்றைச் சிநேகிதி கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பினாள். மெல்லியதை விட்டுவிட்டுத் தடித்த நாலையும் என் நாலு தந்திப் பேஸில் ஏற்றினேன். ஆகத் தடித்தது, கழுத்தின் மேல்நுனியில் தந்தி உட்காரும் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. பேஸைக் குசினியில் காய் வெட்டும் மேசையில் கிடத்தி, சிறிய அரத்தால் பள்ளத்தை அராவினேன். அராவிய பள்ளம் திரும்ப வளராது. பழைய தந்திக்கு இனி அங்கே சரியான இடம் இல்லை என்று தெரிந்தேதான் அராவினேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “உந்தக் கம்பியில தோணி கட்டலாம்.”

“ஓம் அம்மா.”

“கேக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்ல?”

“மகள் பேஸ் வாசிக்கிறாள் எண்டு சொல்லுங்கோ.”

“சொன்னாப்போல விளங்கிடுமே” என்றபடி மேசையில் கிடந்த அரத்தூளைத் துடைத்தார்.

தந்தி ஏறிவிட்டால் போதாது. ஸ்பீக்கரில் ஆழச் சத்தத்தைக் கூட்டினேன், எல்லாச் சுரமும் சேறாகியது. இன்னும் கூட்டினேன், இன்னும் சேறு. கோபத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஆழத்தைக் குறைத்து, நடுச் சத்தத்தை ஏற்றி, கொஞ்சம் கரகரப்பையும் சேர்த்தபோதுதான் அந்தச் சுரத்துக்கு முகம் வந்தது. காது உறுமலைப் பிடித்துக்கொண்டது, மிச்சத்தை விலா எலும்பு பார்த்துக்கொண்டது.

“அக்கா, இப்பதான் என்ட கால் எங்க விழோணும் எண்டு தெரியிது” என்றான் ட்ரம்ஸ்காரன்.

பிறகு நகர மண்டபம் ஒன்றில், பல குழுக்கள் வாசிக்கும் மாலை நிகழ்ச்சிக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். சத்தம் சரிபார்க்க நான் ஒரு தந்தியைத் தட்டியதுமே ஒலிபெருக்கிக்காரர் கையை உயர்த்தினார்.

“தங்கச்சி, இது பேஸ் இல்ல. லொறி இஞ்சின்.”

“அதுதான் அண்ணை வேணும்.”

“வழமையான சுருதிக்கு ஏத்துங்கோ. இல்லாட்டி உங்கட வயரைக் கழட்டிப்போடுவன். என்ட ஸ்பீக்கர் வெடிச்சா ஆர் பொறுப்பு?”

பாடகர் கிட்ட வந்து, “இண்டைக்கு மட்டும் ஏத்துமன்” என்றார்.

ஏற்றினால் இந்தத் தடிப்புக்குப் பேஸின் கழுத்து வளையும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் என் காரணம் அதுவல்ல. எனக்கு ஏற்ற விருப்பமில்லை.

“கழட்டுங்கோ அண்ணை.”

மண்டப ஸ்பீக்கருக்குப் போன என் வயரைக் கழற்றினார். பயிற்சிக்கு நான் பாவிக்கிற ஸ்பீக்கர் பெட்டி மேடையின் மூலையில் இருந்தது. அதை முன்விளிம்புக்கு இழுத்து வந்து சனத்தின் பக்கம் திருப்பினேன். ட்ரம்ஸ்காரன் தன் பெரிய ட்ரம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினான். கடைசியாகப் பாடகரும் வந்து எங்களோடு நின்றார்.

முதல் சுரத்துக்கே யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சிலர் காதைப் பொத்தினார்கள். சில குடும்பங்கள் எழும்பிப் போயின. முன்வரிசையில் இருந்த பெண்ணொருவர் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்து, அவள் நெஞ்சில் வைத்தார். இருவரும் கடைசிப் பாட்டு முடியும்வரை எழும்பவில்லை. நான் அவர்களைப் பார்த்தே வாசித்தேன்.

வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கிக்காரர் வந்தார். “உங்களை இனிக் கூப்பிடமாட்டினம், தெரியும்தானே?”

“தெரியும்.”

அவர் சொன்னபடியே நடந்தது. கூப்பிடாவிட்டால் நாங்களே சனத்தைக் கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தோம். துறைமுகப் பக்கம், ட்ரம்ஸ்காரனின் மாமாவுக்கு வள்ளத்து இஞ்சின் திருத்தும் கொட்டகை ஒன்று இருக்கிறது. வேலையில்லாத ஒரு பின்னேரம் அதைத் தந்தார். மண்டபத்துக்கு வந்த சனத்தில் கால்வாசிகூட வரவில்லை. வந்தவர்கள் எண்ணெய் பட்ட மரப்பெட்டிகளில் குந்தியிருந்து கேட்டார்கள். பாடகர் தானே சொன்னார்: “பேஸோட தொடங்குவம். நீர் தனிய வாசியும், நாங்கள் பிறகு வாறம்.”

மூன்றாம் பாட்டில் பக்கத்துக் கடை முதலாளி வாசலில் வந்து நின்றார். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றுவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, என்ட கடையில போத்தல் எல்லாம் ஆடுது.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. குறைக்கிறன்.”

சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். சுருதியில் கை வைக்கவில்லை. அவர் திரும்பிப் போய்க் மேல்தட்டுப் போத்தல்களை நிலத்தில் இறக்கி வைப்பது வாசலால் தெரிந்தது. ட்ரம்ஸ்காரன் குச்சிகளைத் தட்டி அடுத்த பாட்டுக்கு எண்ணத் தொடங்கினான்.