வெர்லா ஒன்பது வருஷம் கேட்ட ஆட்டம்

லிண்டால் கல்லூரியில் கூடைப்பந்து ஆட்டங்களுக்குத் தேதி குறிப்பது வெர்லா ஹெட்லண்டின் வேலை. முப்பத்தாறு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். யாரோடு ஆட்டம், எந்த ஊரில், பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதையெல்லாம் அவள் பென்சிலால் எழுதுவாள். பயிற்சியாளர் தலையசைத்தால் அதன்மேல் பேனா ஓடும். வரும் ஜூனில் அவளுக்கு ஓய்வு. அதற்குள் பேனாவால் எழுதிவிட வேண்டும் என்று ஒரே ஓர் ஆட்டத்துக்காக ஒன்பது வருஷமாகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் யாரோடு? பிளெய்ன்ஸ் பல்கலைக்கழகத்தோடு!

நெடுஞ்சாலையில் எழுபது மைல் போனால் பிளெய்ன்ஸ். ஒரு காலத்தில் நாங்களும் அவர்களும் கல்லூரிப் போட்டிகளில் இரண்டாம் பிரிவில்தான் இருந்தோம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மோதுவோம். ஜெயித்தவர்களுக்குக் கோப்பையாக ஒரு பழைய பால் கேன். அடுத்த ஆட்டம் வரை அது அவர்களிடமே இருக்கும். பிறகு பிளெய்ன்ஸுக்குப் பணம் வந்தது, பவிசு வந்தது, முதல் பிரிவுக்கு ஏறிப் போய்விட்டார்கள். போவதற்கு முன் நடந்த கடைசி ஆட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகக் கேன் எங்கள் அரங்கத்து வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆட்டத்தை வெர்லா பார்க்கவில்லை. பிளெய்ன்ஸோடு நடந்த எந்த ஆட்டத்தையுமே அவள் பார்த்ததில்லை. டிக்கெட் மேஜை கதவுக்கு வெளியே இருந்தது. மேஜையில் வெர்லா இருந்தாள். கடைசி ஆட்டத்தன்று கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள். அதற்குள் கூட்டம் ஆடுகளத்தில் இறங்கிவிட்டது. அவள் கண்ணில் பட்டதெல்லாம் குளிர்கோட்டு போட்ட முதுகுகள். ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு அன்று பிடித்த ஆசை.

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் பிளெய்ன்ஸுக்குக் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே பதில் வந்தது. ‘தங்கள் அன்புக்கு நன்றி. இந்த ஆண்டு எங்கள் அட்டவணையில் இடமில்லை. வருங்காலத்தில் நிச்சயம் பரிசீலிப்போம்.’ எதைப் பரிசீலிப்பார்களாம்? ஒரு கமா கூட மாறாது. போன வருஷம் வரை வந்த எட்டுக் கடிதங்களும் அவள் மேஜையின் கீழ் இழுப்பறையில் கிடந்தன.

பிளெய்ன்ஸில் இவள் பார்க்கும் வேலையைப் பார்க்கிறவர் மார்லின் ஷாட்ஸ். நல்ல மனுஷர். ஒரு தடவை போனில் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“ஜெயிச்சா எங்களுக்கு என்ன லாபம் வெர்லா? கீழ்ப்பிரிவு டீமை அடிச்சா தரவரிசையில ஒரு துரும்பு கூட நகராது. தோத்தோம்னா மானம் கப்பலேறிடும். எந்த கோச் சரின்னு சொல்லுவான், சொல்லுங்க?”

இதை வெர்லா எங்கள் ஊர் காபிக் கடையில் சொல்லியிருக்கக் கூடாது. தானியக் கிடங்கு நடத்தும் ஹார்லனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

“நான் சொல்லல? பயந்தாங்கொள்ளிப் பசங்க! நம்ம கேனைப் பார்த்தாலே அவனுங்களுக்குக் குளிர் ஜுரம் வந்துடுது!”

கடையே சிரித்தது. வருஷா வருஷம் சிரித்தது. அதில் ரொம்பச் சத்தமாகச் சிரித்தவன் ராலி ஸ்டெனரூட், எங்கள் கோச். கடைசி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியைப் போட்டவன் அவன்தான். அப்போது இருபது வயசுப் பையன். இப்போது தொந்தியும் தொப்பியுமாக, விளையாட்டுத் துறைக்கே அவன்தான் தலைவன்.

இந்த மார்ச்சில் கடிதம் வரவில்லை. மார்லினே கூப்பிட்டார்.

“வெர்லா, உட்கார்ந்திருக்கீங்களா? எங்களுக்குப் புது கோச் வந்திருக்கார். தெற்கத்தி ஆளு. சீசனுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துக்கு ஆள் இல்ல. பக்கத்துல யாராவது வரட்டும்ங்கறார். நான் உங்க பேரைச் சொன்னேன். சரின்னுட்டார்!”

“விளையாடாதீங்க மார்லின்.”

“சத்தியமா. நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை. உங்களுக்கு நாலாவது வரிசையில சீட்டு என் பொறுப்பு. அந்தக் கேனையும் எடுத்துட்டு வந்துடுங்க, இங்க கண்ணாடிப் பெட்டியே அடிச்சு வெச்சுட்டாங்க!”

வெர்லா அழுதுவிட்டாள். பென்சிலை எடுத்து நவம்பர் ஏழு என்று எழுதினாள். நாட்காட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்த ஒருத்தி செய்யக்கூடாத தப்பு அது.

அவள் கொண்டுபோய் நீட்டிய தாளை ராலி பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“வெர்லா, அன்னிக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பிக்குது.”

வெர்லா தலையில் கைவைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்யாணம் கூட வைக்க மாட்டார்கள். பேண்டு வாசிக்கிறவன், பஸ் ஓட்டுகிறவன், பாதிரியார் எல்லாரும் வேட்டைக்கான ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு காட்டில் இருப்பார்கள்.

“தேதியை மாத்திக் கேட்கறேன்,” என்றாள்.

“கேளுங்க, கேளுங்க,” என்றான் ராலி. தேதியை மாற்ற பிளெய்ன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்கிற தைரியம்.

மார்லின் அரை மணி நேரத்தில் புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார். வெர்லா படி இறங்கி ஓடினாள்.

“புதன்கிழமை! வேட்டைக்கு ரெண்டு நாள் முன்னாடி!”

ராலி தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். “புதன்னா... துப்பாக்கியெல்லாம் சரி பார்க்கணும். காட்டுல தங்கக் குடிசை போடப் போகணும். பசங்களுக்கு மனசு ஆட்டத்துல இருக்காது.”

“அப்ப அக்டோபர் கேட்கட்டுமா?”

“அக்டோபர்ல நாம தயாராகி இருக்க மாட்டோம்.”

“டிசம்பர்?”

“ஐயோ வெர்லா, விடுங்களேன்!”

“ராலி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. மானா காரணம்?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னல் வழியே கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. “அவனுங்ககிட்ட ஏழடிப் பையன் ரெண்டு பேர் இருக்கானுங்க. நாற்பது புள்ளி வித்தியாசத்துல தோப்போம். கேனை நானே தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வரணுமா? நான் ஜெயிச்ச கேன் அது.”

“அப்ப ஒன்பது வருஷமா என்னை எதுக்குடா லெட்டர் எழுத விட்டே?”

“அவங்க ஒத்துப்பாங்கன்னு யாரு கண்டா?” என்றான் ராலி. “கேட்கறது வேற. ஆடறது வேற.”

ஆத்திரத்தில் விறுவிறுவென்று வெளியேறினாள். காபிக் கடைக்குப் போய்க் கத்தினாள். யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், அவள் பக்கம் பேசுவான் என்று நினைத்தாள். ஹார்லன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“கேன் அங்கேயே நல்லாத்தானே இருக்கு வெர்லா? அதை ஏன் போய் வம்புல மாட்டி விடறே?”

இத்தனை நாள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்த வாய் அது! நானும் அந்தக் கடையில்தான் இருந்தேன். நானும் காபியைத்தான் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ராலி அவளிடம், “மரியாதையா ஒரு பதில் போட்டுடுங்க,” என்றான். எப்படி எழுதுவது என்று அவள் கேட்கவில்லை. கீழ் இழுப்பறையைத் திறக்கவும் இல்லை. அந்தப் பழைய கடிதங்களைப் பார்த்து எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

‘தங்கள் அன்புக்கு நன்றி. இந்த ஆண்டு எங்கள் அட்டவணையில் இடமில்லை. வருங்காலத்தில் நிச்சயம் பரிசீலிப்போம். வெர்லா ஹெட்லண்ட், லிண்டால் கல்லூரி.’

மின்னஞ்சலில் அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் அடித்தது.

“வெர்லா, இது எங்க லெட்டராச்சே,” என்றார் மார்லின்.

“ஆமா.”

அந்தப் பக்கம் யாரோ பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“மார்லின், நாலாவது வரிசைன்னீங்களே,” என்றாள் வெர்லா. “ஓரத்துலயா, நடுவுலயா?”

“நடுவுல.”

வெர்லா போனை வைத்தாள். அழிப்பானை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்ததை அழித்தாள்.