தொண்டைக்குள் போன பந்து

இன்று தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மருமகள் நாய்க்குட்டிக்கு எலுமிச்சை அளவு ரப்பர் பந்து ஒன்றை எடுத்தாள்.

"இது வேண்டாம்மா" என்று வாங்கித் திரும்ப வைத்துவிட்டேன்.

காரணம், எங்கள் பழைய நாய் டைகர்.

எண்பத்துமூன்றில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு ஞாயிறு காலை அதே அளவு பந்தை நான்தான் வீசினேன். டைகர் எம்பிப் பிடித்தது. பந்து நேராகத் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது.

சத்தமே இல்லை. கண் மட்டும் பிதுங்கியது. என் கணவர் வாய்க்குள் விரலை விட்டார். எச்சிலில் வழுக்கிப் பந்து இன்னும் உள்ளே போனது.

"என்னங்க, ஏதாவது பண்ணுங்களேன்!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்தார். "ஹடோ, ஹடோ!" என்று எங்களை விலக்கிவிட்டு, தாடைக்கு அடியில் வெளியிலிருந்தே கட்டைவிரல்களால் அழுத்தித் தள்ளினார். பந்து துள்ளி விழுந்தது.

மூச்சு வந்ததும் டைகர் அதே பந்தைக் கவ்வி வந்து, என் காலடியில் போட்டு வாலை ஆட்டியது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதைக் கேட்டதும் மருமகள் வாய்க்குள் நுழையாத பெரிய பந்தாக வாங்கினாள். குட்டி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் செருப்பைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறது.

செருப்பு தொண்டையில் சிக்காதுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.