சாமைக் கொல்லையில் சபிரின்

சபிரின் என்று ஒரு கனிமம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்தவர்கள் அதன் நீல நிறத்தில் மயங்கி, நீலக்கல்லின் ஆங்கிலப் பெயரான சஃபயருக்கு ஒரு வாலை ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நிறத்தைப் பார்த்துப் பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கல்வராயன் மலையில் நான் நேரில் பார்த்தவள்.

நீலக்கல் என்பது குருந்தம். நம் சொல்தான் அது, அதிலிருந்துதான் உலகமே அந்தக் கனிமத்துக்குப் பெயர் எடுத்துக்கொண்டது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. அதன் அமைப்பில் சிலிக்கனுக்கு இடமே இல்லை. சபிரின் வேறு குடும்பம். மக்னீசியமும் அலுமினியமும் நிறைய, சிலிக்கன் கொஞ்சம். அந்தக் கொஞ்ச சிலிக்கனும் ஆக்சிஜனோடு சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு நிற்பதால் அதைச் சங்கிலி சிலிகேட்டுகளில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலியிலும் சிலிக்கன் உட்கார வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றை அலுமினியம் பிடித்துக்கொண்டிருக்கும். பத்துக்கு மதிப்பிடும் கடினத்தில் குருந்தம் ஒன்பது, சபிரின் ஏழரை. கையில் தூக்கினால் குருந்தம்தான் கனம். பார்வைக்கு மட்டும் இரண்டும் நீலம். பார்வையை மட்டும் நம்புகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் கள்ளக்குறிச்சிக் கடைவீதிக் குடும்பத்துப் பெண். அத்தாவுக்குப் பாத்திரக் கடை. சேலத்தில் நிலவியல் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு ஊரில் வேலை இல்லாததால் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. வகுப்பில் அவள்தான் முதல். பாறைத் துண்டைக் கையில் கொடுத்தால் லென்ஸை எடுப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிடுவாள். அவளுக்கும் வேலை கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனது. புருஷன் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி பட்டறையில் இருந்தார், வாரம் ஒருமுறை வருவார். நிலம் இன்னும் பாகம் பிரியாமல் கணவரின் அண்ணன் பொறுப்பில் இருந்தது. அதில் சாமையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

கொல்லையின் மேல்புறத்தில் மழைநீர் தேங்க ஒரு குழி வெட்டும்போது கடப்பாரை ஒரு கரும்பாறையில் இடித்தது. உடைந்த முகத்தில் அங்கங்கே நீலம். அன்று மதியமே எனக்கு போன் செய்தாள்.

“அடியே, இங்க ஒரு கல்லு கெடைச்சிருக்குடி. நீலமா இருக்கேன்னு கயனைட்டானு பாத்தேன், ஒடையுற பிளவு சரியா இல்ல. கார்டியரைட்டுன்னா இவ்ளோ கனம் இருக்காது. பக்கத்துல குவார்ட்ஸே இல்ல. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா வாயால சொல்ல பயமா இருக்கு.”

“இன்னான்னு நெனக்கிற, சொல்லு.”

“நீ பாத்துட்டு சொல்லு. பஸ் ஏறிட்டேன், வந்துக்கினு இருக்கேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேலம் போனோம். எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியை ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். கல்லை அறுத்து, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்துச் சீவலாக்கி, கண்ணாடியில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். தட்டைத் திருப்பத் திருப்ப நீலம் வெளுத்து நிறமில்லாமல் போய், மறுபடியும் நீலமாகி வந்தது. குருந்தத்துக்கு ஒளி அச்சு ஒன்றுதான். இதற்கு இரண்டு. பேராசிரியை மூன்றாவதாகப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே, “இந்தப் பாறையை இருக்கிற இடத்துலேயே நான் பாக்கணும். பரீட்சை முடிஞ்சதும் வர்றேன், அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்கோங்க” என்றார். பூமிக்குள் வெகு ஆழத்தில், பாறையே உருகத் தொடங்கும் சூட்டில் உருவாகும் கனிமம் அது. அக்கம்பக்கத்தில் எந்தக் கனிமத்தைத் தொட்டுக்கொண்டு, எந்தத் திசையில் படிந்து கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் கணக்கிட முடியும். பெயர்த்தெடுத்தால் பாதி சேதி போய்விடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள். படிப்பு முடிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதே வாரத்தில் அவளுடைய கணவரின் அண்ணன், குழி பக்கத்தில் கிடந்த ஒரு துண்டைத் துணியில் முடிந்துகொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்திருக்கிறார். கடைவீதியில் ராசிக்கல் வைத்திருப்பது ஒரே ஒரு கடை என்று யாரோ சொல்ல, அங்கே போயிருக்கிறார். அது என் மாமுவின் கடை. அம்மாவின் தம்பி. கைக்கடிகாரமும் கவரிங் நகையும் விற்பார், கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் ராசிக்கல். ஏழரைச் சனி நடக்கிறவர்களுக்கு நீலம் எழுதிக் கொடுக்கும் ஜோசியர்கள் நேராக அங்கேதான் ஆளை அனுப்புவார்கள். மாமு கல்லை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, “நீலந்தாங்க. நல்ல சாதி” என்றிருக்கிறார். அதோடு நிற்காமல் தெரிந்த தரகர் ஒருவரின் நம்பரையும் கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு நான் மலைக்குப் போனபோது தரகர் அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர். விரல் எல்லாம் மோதிரம். கொல்லையைத் தோண்டிக் கல் எடுத்தால் பங்கு என்று பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது.

“மாமா, அது நீலக்கல்லு இல்லீங்க. சேலத்துல பாத்துட்டு வந்துட்டோம்” என்றாள் தோழி.

“நீ சும்மா இரும்மா. கடைக்காரரே சொல்லிட்டாரு.”

என் பையில் பள்ளி ஆய்வகத்தின் புஷ்பராகத் துண்டு, ஆங்கிலத்தில் டோபாஸ் என்பது, இருந்தது. கடினம் எட்டு. “அண்ணே, பாருங்க. நீலக்கல்லா இருந்தா இந்தக் கல்ல அது கீறணும். இல்லன்னா இது அதக் கீறும். அவ்ளோதான்” என்று சொல்லி, எல்லார் முன்னாலும் தேய்த்தோம். எங்கள் புஷ்பராகம் மழுமழுவென்று அப்படியே இருந்தது. நீலத்தின்மேல் தெளிவாக ஒரு கோடு விழுந்தது. தோழி எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினாள். கோடு போகவில்லை.

தரகர் அசரவில்லை. “மேல் கல்லு எப்பவும் எளசா தாங்க இருக்கும், மேடம். உள்ள போகப் போகத்தான் கெட்டிப்படும். வெயில் படாத கல்லுல கீறிப் பாருங்க, அப்ப தெரியும்.”

கனிமத்தின் கடினம் வெயில் பட்டால் குறையாது, நிழலில் கூடாது. ஒவ்வொரு கனிமத்துக்கும் அதன் அமைப்பு கொடுத்த கடினம் அது. இதை நான் சொன்னேன். தோழியும் சொன்னாள். வாசலில் இருந்த ஆண்கள் எல்லாரும் தரகரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

“ரெண்டு பொம்பளைங்க படிச்சிட்டு வந்து எங்களுக்கு வர்றதக் கெடுக்கப் பாக்குறீங்களா?” என்றார் அந்த அண்ணன்.

கண்முன்னே கோடு விழுந்ததைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. தோழி என் கையைப் பிடித்து அழுத்தியதால் அடங்கினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மாமுவின் கடைக்குப் போனேன்.

“மாமு, அந்தக் கல்ல நீலம்னு எப்படி சொன்னீங்க?”

“நீலமா இருந்துச்சு, சொன்னேன். இன்னாம்மா இப்ப?”

“டெஸ்ட் பண்ணீங்களா?”

“நீலம் மாதிரினுதாம்மா சொன்னேன்.”

“அவர்கிட்ட நல்ல சாதின்னு சொல்லியிருக்கீங்க. இப்ப ஒரு போன் போட்டு, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. போதும்.”

மாமு கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். “சொன்ன சொல்ல மாத்தினா நாளைக்கு எவன் இங்க கல்லு வாங்குவான்? வூட்டுக்குப் போ. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார், குரலைத் தாழ்த்தி. அவர் ஒரு போன் செய்திருந்தால் அந்தக் கொல்லை இன்றைக்கும் இருந்திருக்கும். இதை நான் குடும்பத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்குகிறேன் என்கிறார்கள்.

தோண்டுவதைத் தடுக்கச் சொல்லிக் கனிமவள அலுவலகத்துக்கும் போனோம். தோழி சீவல் ஒட்டிய கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அங்கிருந்த அதிகாரி அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “விலை போற கல்லா?” என்று கேட்டார்.

“இல்லீங்க சார். ஆனா ரொம்ப அரிதுங்க. ஆராய்ச்சிக்கு...”

“விலை போகாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எவன் எடுத்துட்டுப் போனா உங்களுக்கு இன்னா?”

தோழி அவர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும், “விலை இருந்தா திருடுவாங்க. விலை இல்லன்னா ஒடைப்பாங்க. வேற எதுவுமே தெரியாதாடி இவங்களுக்கு?” என்றாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. ஜேசிபி மலையேறியது. சாமை கதிர் பிடிக்கிற நேரம். அறுவடை வரைக்கும் பொறுங்கள் என்று அவள் கெஞ்சியதை யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் ஊருக்கு வந்து அண்ணனிடம் பேசிப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மேல்மண்ணை வழித்து ஓரமாகத் தள்ளி, அதன்மேலேயே அடிமண்ணைக் கொட்டினார்கள். இத்தனை தலைமுறையாகச் சாமை விளைந்த மண் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. தரகர் நல்ல நீலமாகப் பார்த்துச் சில மூட்டைகள் அள்ளிக்கொண்டு போனார். பட்டை தீட்டுகிற ஊரில் யாரோ உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. குழி இருந்தது, பெயர்த்த பாறைகள் பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தன, கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். ஆனால் ஏமாந்த அண்ணனுக்கு அந்தக் குவியலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மலையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பேசி, ஜல்லிக்கு அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பள்ளியில் எனக்குப் போன் வந்தது. முதலில் டிப்பர் லாரியில் கல் விழும் சத்தம்தான் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல்: “வாடி. சீக்கிரம் வாடி.”

விடுப்பு சொல்லிவிட்டுத் தம்பியின் பைக்கில் போனேன். நான் போய்ச் சேரும்போது குவியல் முக்கால்வாசி காலி. மீதியில் மிகப் பெரிய பாறை ஒன்று, நீலமும் கருப்புமாக வரிவரியாக, அதன்மேல் தோழி உட்கார்ந்திருந்தாள். ஜேசிபியின் வாளி அவளுக்கு நேரே நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“எழுந்திரும்மா. ஊரே பாக்குது” என்றார் அண்ணன்.

“பாக்கட்டும் மாமா. நீலக்கல்லுன்னு தோண்டுனீங்க, இல்லன்னு சொன்னேன், கேக்கல. இப்ப வெறுங்கல்லுன்னு அள்ளுறீங்க. இதுவும் இல்லன்னு சொல்றேன். இப்பவாவது கேளுங்க.”

“அப்ப இது இன்னாதான்?”

“சபிரின்!” என்று கத்தினாள். மலையில் அந்தச் சொல்லை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “சிலிகேட்டு! நீங்க நெனச்சதும் இல்ல, நீங்க திட்டுறதும் இல்ல. அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு!”

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாறை வெயிலில் கொதித்தது. கடைசியில் ஓட்டுநர்தான், “ஒரு கல்லு தானேங்க, வுட்டுடலாம்” என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பாறையை ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பி உருட்டி அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேராசிரியை வந்து பார்த்தார். அதிலிருந்து எடுத்த துண்டுகளை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பி, கனிமம் சபிரின்தான் என்று உறுதி செய்தார். இடம்பெயர்ந்த பாறை என்பதால், எந்தப் படிவில் எப்படி இருந்தது என்று எதையும் சொல்ல முடியவில்லை. குழியின் சுவரில் நாள் முழுக்கத் தேடியும் ஒரு நீலப் புள்ளிகூட இல்லை. அவ்வளவு சின்ன படிவு அது. இருந்ததை எல்லாம் வழித்து எடுத்துவிட்டார்கள். பேராசிரியை குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். “இனி இதை வெச்சு என்னத்தச் சொல்றது?” என்றார்.

போன மாதம் அவர் தன் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு வந்தார், நானும் போயிருந்தேன். தோழி பாறையின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எது சபிரின், எது ஸ்பினல், எது கருப்பு மைக்கா என்று பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டினாள். சத்தம் கேட்டு அவளுடைய கணவரின் அண்ணன் வந்தார். இப்போதெல்லாம் அவர் வெளியாட்களிடம் அந்தக் கல்லைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாராம்.

“ரொம்ப அபூர்வமான கல்லுங்க. எங்க நெலத்துல வெளஞ்சது” என்றார் பிள்ளைகளிடம். “வாங்க, எடத்தக் காட்டுறேன்.”

தோழி குடத்தைக் கீழே வைத்தாள்.

“நெலத்துல இன்னாங்க மாமா இருக்கு? ரோட்டுலதான் கெடக்குது. தார் போட்டு மூடியிருக்கு. அங்க கூட்டிக்கினு போயிக் காட்டுங்க.”