ஆப்பத்தில் ரயில் வாசம்

மழை தொடங்கிய புதிதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாழை இலையில் சுற்றிய ஆப்பம் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு, மாரியாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மோந்து பாருங்க, கிராணி ஐயா.”

முகர்ந்தேன். ஆப்பத்தில் ரயில் வாசம்!

மாரியாயி பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். இப்போது தம்போயில், என் வீட்டுக்கு எதிரே, வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஆப்பம் சுட்டு விற்கிறாள். செங்கல் காளவாய்க்குப் போகிற ஆட்கள்தான் வாடிக்கை. அவர்கள் வடிகாலைத் தாண்ட ஒரு பலகை போட்டிருப்பாள். அடியில் கறையானும் மேலே மழையுமாக வருஷத்துக்கு ஒரு பலகையைத் தீர்த்துவிடும். கடைசிப் பலகை ஓர் ஆளோடு சேர்ந்தே வடிகாலில் இறங்கியது.

“பாலம் இல்லேன்னா யாருங்க வருவா? ரோட்டுப் பக்கமே காப்பிக்கடை இருக்கே!”

ரயில்வே ஸ்டோரில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கெழுதியவன் சும்மா இருப்பேனா? தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டை நான்கு வாங்கிக் கொடுத்தேன். கூடவே, யாரும் கேட்காத ஒரு பிரசங்கமும்.

மரத்தின்மேல் தார் எண்ணெய் பூசுவது வேறு, இது வேறு. கட்டையை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, காய்ச்சிய எண்ணெயை அழுத்தி ஏற்றுவார்கள். கறையான் கிட்டே வராது. ஆனால் எண்ணெய் நடு வரைக்கும் போகாது — அறுத்தால் உள்ளே வெறும் மரம். கறையானுக்குக் கதவைத் திறந்த மாதிரி! ஆகவே அறுத்த முனைக்குச் சுடச்சுட எண்ணெய், இரண்டு முறை. பிறகும் அது மண்ணைத் தொடாமல் கல்மேல் இருக்க வேண்டும். அறுக்கும்போது மூக்கில் துணி. தூளைப் புதைத்துவிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. வெயிலில் எண்ணெய் கசிந்தால் மணல் தூவு...

எல்லாம் சொன்னேன். எல்லாம் செய்தாள். பாலம் பாறை மாதிரி உட்கார்ந்தது. பாலத்தின் அளவுக்கு அறுத்ததில் மிஞ்சிய நான்கு துண்டுகளைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன்? ஸ்டோரில் துண்டு மிஞ்சினால் அதற்கொரு படிவம் உண்டு. படிவத்தை நிரப்பினால் துண்டு கண்ணைவிட்டுப் போய்விடும். மாரியாயியிடம் படிவம் இல்லை. அடுப்பு இருந்தது.

“எரிக்கக்கூடாதெல்லோ, பிள்ளை! அது நஞ்சுப் புகை!” என்று ஆப்பத்தைத் தள்ளி வைத்தேன்.

“இத அன்னிக்கே சொல்லக்கூடாதா? எந்த முனை கல்லு மேல, எந்த முனை எங்கன்னு ஒரு மணி நேரம் பேசினீங்களே! எண்ணெ குடிச்ச கட்டை, நல்லா எரியும்னு வச்சேன். எரியத்தான் செஞ்சுது... என் கண்ணு!”

மாவைக் கொட்டச் சொன்னேன். பாத்திரம் துலக்க அள்ளி வைத்திருந்த சாம்பலையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் ரப்பர் விறகில், புது அடுப்பில், பூப்போல ஆப்பம் சுட்டாள். ஆனால் ரயில் வாசச் செய்தி அதற்குள் காளவாய் வரை போயிருந்தது; ஒருவரும் பாலத்தில் கால் வைக்கவில்லை.

“ஐயோ, அலமாக்! தார் ரோடு சூடா இருக்கா, மாரியாயி?” என்று கத்திவிட்டு, காளவாய் ஆட்கள் காப்பிக்கடைக்குப் போனார்கள். மாரியாயி ஆப்பக் கூடையை இழுத்து மூடினாள்.

வேறு வழி? கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தின் நடுவில் போய் நின்றேன். மூன்று நாள், காலையில்.

“பிழை என்ரை. அவளுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான்.”

முதல் நாள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். மூன்றாம் நாள் கூட்டம்! ஆப்பத்துக்காக வந்தார்களா, ஒரு கிராணி தன் பிழையை ஒத்துக்கொள்ளும் அதிசயத்தைப் பார்க்க வந்தார்களா... யார் கண்டது?

“இன்னொரு தடவ சொல்லுங்கய்யா, இவன் காதுல விழலையாம்!”

சொன்னேன். ஆளுக்கு இரண்டு ஆப்பம் வாங்கினார்கள். மாரியாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இனி யாரும் ஏமாறக்கூடாது அல்லவா? எரியாமல் தப்பிய மூன்று துண்டுகளை ஓரமாக அடுக்கி, பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டேன்: ‘இது விறகு அல்ல.’

நான்கு மாதம் கழித்து, நேற்று அருகில் போய்க் குனிந்து பார்த்தேன். பாலம் அசையவில்லை. துண்டுகளும் அப்படியே இருந்தன. அறிவிப்புப் பலகை மட்டும் சாதாரண மரம் — கறையான் அதைக் கடைசி எழுத்துவரை படித்து முடித்திருந்தது.