பிராங்பேர்ட்டில் பதினொரு விடைத்தாள்கள்

1986 நவம்பர். சனிக்கிழமை காலை 7.10. லிம்பூர்க்.

லிம்பூர்க் நிலையத்திலிருந்து பிராங்பேர்ட் எழுபது கிலோமீற்றர் சொச்சம். ரயிலில் ஒரு மணி இருபது நிமிடம். ஒருவழி ரிக்கற் பன்னிரண்டு மார்க் நாற்பது பெனிக். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் ஒரு கிழமையாக நித்திரை இல்லாமல் இதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு கணக்கும் உண்டு. இருபத்தைந்தாவது நிமிடத்தில் பாட் காம்பெர்க் என்ற ஊர் வரும். அதோடு எங்கள் மாவட்டம் முடிகிறது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். என்னிடம் அனுமதிக் கடிதம் இல்லை.

அப்படி என்ன தலைபோகிற வேலை என்று கேட்பீர்கள். ஒரு பரீட்சை. அதுவும் எனக்கல்ல, முன்பின் தெரியாத சீனப் பிள்ளைகளுக்கு.

பிராங்பேர்ட்டில் எங்கள் ஆட்களின் மாதப் பூசை நடக்கும் கோவில் மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் சீனக் குடும்பங்கள் பள்ளிக்கூடமாக்கிக்கொள்கின்றன. அங்கே படிப்பிப்பவர் திருமதி லின். சீனாவில் உயர்நிலைப் பள்ளியில் இருந்த பிள்ளைகளைப் பாதியில் எழுப்பி, இங்கே உணவகம் நடத்தும் தாய் தகப்பனிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவர்களில் பதினொரு பேரைச் சேர்த்துக்கொள்ள, ஆங்கிலத்தில் படிப்பிக்கும் ஒரு பள்ளிக்கூடம் சம்மதித்தது. ஆனால் இலக்கணத்திலும், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்வதிலும் அவர்கள் தேற வேண்டும். வாசித்துக் காட்டுபவர் பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியராக இருக்க வேண்டும். அதோடு, பிள்ளைகள் அதுவரை கேட்டிராத குரலாகவும் இருக்க வேண்டும். பழகிய ரீச்சர் என்றால் அவர் இழுக்கும் இழுவையிலேயே விடையைப் பிடித்துவிடுவார்களாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கரும்பலகையின் முன்னால் நின்று இரண்டரை வருடமாகிவிட்டது. பூசைக்குப் போனபோது திருமதி லின் கேட்டதும் ஆசை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் காரணம் அவ்வளவுதான்.

அனுமதி கேட்டுப் பார்த்தேன். பூசைக்கென்று இந்த மாதம் ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்தாயிற்று என்றார்கள். எங்கள் விண்ணப்பமோ கோடையில் நிராகரிக்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடு தை மாதம் நீதிமன்றத்துக்கு வருகிறது. அதற்குள் எல்லைக்கு வெளியே பிடிபட்டால் கோப்பில் ஒரு குற்றம் ஏறும். குற்றம் ஏறிய கோப்பை எந்த நீதிபதி அன்போடு புரட்டப்போகிறார்?

என் கணவர் மேடைவரைக்கும் கூடவே வந்தார். வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"போகத்தான் வேணுமோ? நீர் பிடிபட்டால் ரெண்டு பேற்றை அகதி ஆன்ட்ராக்கும் சேந்து போகுமெல்லே."

"பயப்பிடாதேங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் வந்திடுவன்."

"நான் பயப்பிடேல்லை. நீர்தான் ரிக்கற்றைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றார்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

7.40. பாட் காம்பெர்க்.

எதிரில் ஒரு ஜெர்மன் மூதாட்டி, மடியில் ஒரு கூடை அப்பிள். அடைந்திருந்த பனிக்குள் வயல்கள் மங்கலாக ஓடின. நிலையத்தின் பெயர்ப்பலகை பின்னால் நகர்ந்தது. அந்தக் கணத்திலிருந்து நான் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தேன்.

"குளிர்கிறதா?" என்று மூதாட்டி கேட்டாள். நான் ஆமென்று தலையாட்டினேன். அவள் எழுந்து யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, ஓர் அப்பிளும் தந்தாள். அதைக் கடிக்கவும் முடியவில்லை, பையில் வைக்கவும் தோன்றவில்லை.

இட்ஸ்டைன் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். எங்கள் பெட்டிதான். நான் பூசைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டால் என்ன சொல்வதென்று ஜெர்மன் வசனங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை, எல்லாம் சரிந்தன. அவர்களோ கடைசி இருக்கையில் அமர்ந்து, காகிதப் பையிலிருந்து பாணும் இறைச்சியும் எடுத்துச் சாப்பிட்டார்கள். நீடெர்ன்ஹௌசனில் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு வயது கூடியிருக்கும்.

8.35. பிராங்பேர்ட் பிரதான நிலையம்.

திருமதி லின் மேடையிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும், குட்டையானவர், கையில் மஞ்சள் குடை. எனக்கு அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

"வேகமாக நடக்காதீர்கள். வேகமாக நடப்பவர்களைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள்" என்றார்.

மேடைகளின் முகப்பில் கறுத்த தலைமயிர்க்காரர் ஒருவரைப் பொலிஸ்காரர்கள் நிறுத்தி அவுஸ்வைஸ் என்ற அடையாள அட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள்போல ஆற அமர நடந்து வெளியே வந்தோம். வெளிப்புறத்துக் குளிர் முகத்தில் அறைந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன். மண்டபத்துக்கு நடை பதினைந்து நிமிடம். ட்ராமில் ஏறினால் பரிசோதகர் வரக்கூடும் என்று நடந்தே போனோம்.

9.15. மண்டபம்.

பதினொரு பேரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் இடையில் இரண்டு கதிரை இடைவெளி. நான் உள்ளே நுழைந்ததும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். இந்த நாட்டில் என்னைக் கண்டு ஒருவர் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை.

உறையை உடைத்து இலக்கணத் தாளைக் கொடுத்தேன். ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். முப்பத்தைந்து நிமிடத்தில் பேனாக்களை மூடிவிட்டார்கள். நாங்கள் வாய்பாடு பாடமாக்கியதுபோல இவர்கள் ஆங்கில இலக்கணத்தைப் பாடமாக்கியிருக்கிறார்கள். வினைச்சொல்லின் எந்தக் காலத்தைக் கேட்டாலும் தருவார்கள். ஆனால் நான் அடுத்ததாகக் கேட்டெழுதும் பரீட்சை என்றதும் எல்லா முகமும் வெளிறியது. எழுத்தில் பார்த்தே படித்த ஆங்கிலம். காதில் விழுந்தால் அது வேறொரு பாஷை. யாழ்ப்பாணத்தில் என் மாணவிகளும் அப்படித்தான் இருந்தார்கள்.

முன்வரிசையில் மெய் என்ற பெண்பிள்ளை. தகப்பனின் உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கழுவிக் கைவிரல்கள் தோலுரிந்திருந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நான் வாயைத் திறக்கக் காத்திருந்தாள்.

விதி எளிது. ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை வாசிக்க வேண்டும். முதல் முறை கேட்க, இரண்டாம் முறை எழுத, மூன்றாம் முறை சரிபார்க்க. இரண்டாம் பகுதியை எடுத்ததும் எனக்குத் திக்கென்றது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரியும் ஒரு பெண் பயணியும் பேசுகிறார்கள். கடவுச்சீட்டைக் காட்டுங்கள். எவ்வளவு காலம் தங்குவீர்கள்? எங்கே தங்குவீர்கள்? உங்களை இங்கே யாருக்குத் தெரியும்? பயணி, விடுமுறைக்கு வந்திருப்பதாகவும், அத்தை வீட்டில் தங்கப்போவதாகவும், இங்கே வந்ததில் மிகவும் மகிழ்ச்சி என்றும் சொல்கிறாள். அதிகாரியாகவும் நானே, பயணியாகவும் நானே வாசிக்க வேண்டும்.

இரண்டாம் முறை வாசிக்கையில் யன்னலுக்கு வெளியே பச்சை வாகனம் ஒன்று வந்து நின்றது. இந்த நாட்டில் பொலிஸ் வண்டியும் பச்சை. கதவு அடிபடும் சத்தம், பிறகு படியில் சப்பாத்துச் சத்தம். ஆசிரியை பாதியில் நிறுத்தக்கூடாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டு வாசித்துப் போனேன். படியேறி வந்தவர் ஒரு பெட்டி முட்டைக்கோவாவை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மரக்கறி வண்டி. மத்தியானச் சமையலுக்காம். மூன்றாம் முறை வாசித்து முடித்தபோது, தடுமாறாமல் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

12.15. திருத்தும் நேரம்.

தாள்களை அங்கேயே திருத்தி, விடைக்குறிப்போடு உறையிலிட்டு ஒட்டி அனுப்ப வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் கட்டளை. பிள்ளைகள் வெளியே நூடில்ஸ் சாப்பிட, நானும் திருமதி லின்னும் உள்ளே இருந்தோம்.

ஒன்பதாம் கேள்வி, அந்தப் பயணி எப்படி உணர்கிறாள் என்பது. நான்கு விடைகள். முதலாவது மகிழ்ச்சி, இரண்டாவது களைப்பு, மூன்றாவது கோபம், நான்காவது பயம். குறிப்பின்படி சரியான விடை மகிழ்ச்சி. முதல் தாளில் பயம் என்று இருந்தது. பிழை போட்டேன். இரண்டாம் தாளிலும் பயம். மூன்றாம் தாளிலும். ஐந்தாம் தாளில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எல்லாரும் ஒரே பிழை விட்டால் அது பார்த்தெழுதியதுதான். ஊரில் என்றால் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பேன். பதினொரு தாளிலும் பயம்.

மெய்யைக் கூப்பிட்டேன். "உண்மையைச் சொல். யாரைப் பார்த்து எழுதினாய்?"

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒருவரையும் பார்க்கவில்லை ரீச்சர். அந்தப் பெண் மகிழ்ச்சி என்கிறாள். ஆனால் குரல் பயப்படுகிறது. நீங்கள் மூன்று தரம் வாசித்தீர்கள். மூன்று தரமும் பயம். அதுதான் கேள்வியின் சூட்சுமம் என்று நினைத்தோம்."

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

கோடைக்கு முதல் எங்கள் விசாரணை நடந்தது. எனக்கும் கணவருக்கும் தனித்தனியாக இரண்டு இரண்டு மணி நேரம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அன்னியர் முன்னால் கலங்கக்கூடாது என்று நான் வகுப்பறைக் குரலில் நிதானமாகச் சொன்னேன். வந்த கடிதத்தில், விண்ணப்பதாரர் நிதானமாகவே பதிலளித்தார், அவர் கூறும் அச்சம் நம்பத்தக்கதாக இல்லை என்று இருந்தது. என் பயத்தை நான் அவ்வளவு நன்றாக ஒளிக்கிறேன் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டிப் பார்த்தோம். தேற இருபதுக்குப் பன்னிரண்டு வேண்டும். பத்துப் பேருக்கு அந்தக் கேள்வி இல்லாமலே போதும். மெய்க்குப் பதினொன்று.

"விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் எழுதட்டும்" என்றார் திருமதி லின்.

"அவள் கேட்டதைத்தானே எழுதியிருக்கிறாள்?"

"அதைச் சரியென்று போடுவதென்றால் பள்ளிக்கூடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் பெயர், விலாசம், இன்றைய திகதி, இந்த இடம் எல்லாம் எழுத வேண்டும். நீங்கள் இன்று இங்கே இருந்ததற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுப்பதாகும். கையெழுத்து மட்டுமென்றால் யாரும் வாசிக்கமாட்டார்கள்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. மெய் கதவோரத்தில் நின்று, எங்களைப் பார்க்காமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பார்த்தெழுதினாயா என்று கேட்ட வாய் என்னுடையது.

தாள் எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்பதாம் கேள்விக்கு மாணவர் பதினொருவரும் பயம் என்று விடையளித்திருக்கிறார்கள். வாசித்தவர் அந்நேரம் உண்மையிலேயே பயந்திருந்தார். மாணவர்கள் கேட்டதைச் சரியாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். தவறு வாசித்தவருடையது. கீழே பெயர், தகுதி, லிம்பூர்க் விலாசம், திகதி, கையெழுத்து. நானே உறையை ஒட்டினேன்.

14.20. திரும்பும் ரயில்.

போகும்போது பிடித்துவிடுவார்களோ என்று பயம். திரும்பும்போது பொலிஸ் ஏறவில்லை, ஆனாலும் பயம் குறையவில்லை. என் விலாசம் இப்போது பிராங்பேர்ட்டில் ஓர் உறைக்குள் இருக்கிறது. பாட் காம்பெர்க்கின் பெயர்ப்பலகை வந்தது. சட்டப்படி நான் மறுபடியும் நல்லவள். ஊரில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அன்றைக்கு அந்தப் பயம் முடிந்துவிடும், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கலாம். இங்கே பயம் கடிதமாக வருகிறது. தபால்காரன் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

15.45. லிம்பூர்க்.

கணவர் மத்தியானத்திலிருந்தே மேடையில் நின்றிருக்கிறார். மூக்கு சிவந்திருந்தது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விலாசம் எழுதிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

"உமக்கென்ன விசரோ?" நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ஆரோ ஒரு பிள்ளையின்ரை ஒரு புள்ளிக்கு எங்கடை விலாசத்தைக் குடுத்திட்டு வாறீர். நாளைக்குக் கோர்ட்டிலை இதைத் தூக்கிக் காட்டினால் என்ன செய்யிறது?"

"எனக்கும் தெரியேல்லை. பயமாத்தான் கிடக்கு. ஆனா அதைப் பிழையெண்டு போட என்னாலை ஏலாது."

அவர் ஆற்றுப் பாலம்வரை கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். பாலத்தின் நடுவில் வேகம் குறைந்தது.

"பதினொரு பேருமோ?"

"ஓம். பதினொரு பேரும்."

"ஆரும் சொல்லிக் குடுக்காமலோ?"

"ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. எங்களைப் பற்றி அதுகளுக்கு ஒண்டுமே தெரியாது."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, கேட்டால் எங்கடை பயம் ஆருக்கும் விளங்கும் போலை கிடக்கு" என்றார்.