தெளித்த தண்ணீர் என்று நினைத்தேன்

நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்தில், தீப்பொறிக்குப் பயந்து தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். தீபாவளி சீசனில் என் சொந்த லாரி அங்கே நின்றபோது காவலாளி, "அண்ணாச்சி, இன்ஜினுக்குக் கீழ சொட்டுதே, பாத்தீகளா?" என்றார்.

"நீங்க தெளிச்ச தண்ணிதான்யா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காரியாபட்டி தாண்டியதும் ரேடியேட்டர் தண்ணீர் வற்றி, இன்ஜின் கொதித்து இறுகிவிட்டது. வாட்டர் பம்ப் பல நாளாகவே ஒழுகியிருக்கிறது என்றார் மெக்கானிக். எப்போதும் ஈரத்தரையில் நிறுத்தியதால் எனக்குத் தெரியவில்லை. தீபாவளி முடிந்துதான் லோடு போய்ச் சேர்ந்தது. அந்த நஷ்டத்தில் லாரி என் கையைவிட்டுப் போனது.

இப்போது அதே கம்பெனி லோடுக்கு ஓட்டுவது வேறொருவர் வண்டி. தினமும் காய்ந்த தரையில் நிறுத்தி, குனிந்து பார்க்கிறேன். போன வாரம் சொட்டியது. ஓனரிடம் சொன்னேன்.

"கம்பெனில தெளிச்ச தண்ணியா இருக்கும், வண்டிய எடுய்யா" என்றார்.